கடை என்றால் வாயில்: அசகுசாவும் சார்மினாரும்

தமிழில் 'கடை' என்ற சொல் வணிகம் நடக்கும் இடத்தை மட்டும் குறிப்பதில்லை. முடிவு, எல்லை, வாயில் என்னும் பொருள்களும் அதற்கு உண்டு. கண்ணின் ஓரம் கடைக்கண். வீட்டின் முன்வாயில் கடைத்தலை. கொல்லைப்புறத்தை இன்றும் கிராமங்களில் 'புழக்கடை' என்கிறார்கள். சிறு வாயில் எனப் பொருள்படும் 'புழைக்கடை' மருவியே அப்படி ஆனது. பொருள்கள் விற்கப்படும் இடத்துக்கும் உள்ளே நுழையும் இடத்துக்கும் ஒரே சொல் வழங்குவது எண்ணிப் பார்க்கத் தக்கது. வாயிலை ஒட்டி, எல்லையை ஒட்டி விற்பனை நடந்த பழைய வழக்கத்தின் தடம் இச்சொல்லில் தங்கியிருக்கக்கூடும்.

ஜப்பானிய மொழி இதே உறவை வேறு விதமாகக் காட்டுகிறது. அங்கே கடைக்கு 'மிசே' என்று பெயர். 'காட்டுதல்' என்னும் பொருளுடைய வினையோடு தொடர்புள்ள சொல் அது. பண்டங்களைப் பரப்பிக் காட்டும் பலகையிலிருந்து பிறந்தது. பெரிய கோயிலின் வாயிலுக்கு முன் வளர்ந்த ஊரை 'மொன்சென்-மாச்சி' என்பார்கள். நேர்ப்பொருள் 'வாயில்முன் ஊர்'. சந்தையையும் நகரையும் குறிக்க ஒரே எழுத்துதான் உண்டு. 'இச்சி' என்று படித்தால் சந்தை, 'ஷி' என்று படித்தால் நகரம். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'நகரம்' என்பது வணிகர் சபையையும் குறித்தது என்பதை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

வழிபாட்டிடம், வாயில், கடை, ஊர் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பின்னி வளர்ந்த இரு நகரங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று டோக்கியோ, மற்றொன்று ஹைதராபாத். இரண்டும் பெருநகரங்களாக உருவெடுத்த காலமும் ஏறக்குறைய ஒன்றே. தொகுகவா இயெயாசு எடோவுக்குள் நுழைந்தது 1590இல். அந்த எடோதான் பின்னாளில் டோக்கியோ ஆயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு, 1591இல், முகம்மது குலி குதுப் ஷா மூசி ஆற்றின் தென்கரையில் சார்மினாரை நடுவாக வைத்துப் புதிய தலைநகருக்கு அடிக்கல் இட்டார். இன்று இரு ஊர்களிலும் ஒரு குடும்பம் விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எங்கே போகும் என்று கேட்டால் வரும் விடையின் வடிவமும் ஒன்றே: ஒரு வழிபாட்டிடமும் அதன் வாயிலில் ஒரு கடைத்தெருவும்.

டோக்கியோவில் அந்த இடம் அசகுசா. அங்குள்ள சென்சோஜி அந்நகரின் மிகப் பழைய கோயில். தலபுராணம் 628ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. ஹினோகுமா ஹமனாரி, தகெனாரி என்னும் உடன்பிறந்த மீனவர் இருவர் சுமிதா ஆற்றில் வலை வீசியபோது சிறிய திருவுருவம் ஒன்று சிக்கியது. அது கன்னொன் என்று அறிந்த ஊர்ப் பெரியவர் ஹாஜி நகதொமோ தம் வீட்டையே கோயிலாக்கினார். அரசரோ மடாதிபதியோ இந்தக் கதையின் தொடக்கத்தில் இல்லை. அந்த மூவரையும் தெய்வங்களாக வணங்கும் அசகுசா ஆலயம் சென்சோஜியின் பக்கத்திலேயே இருக்கிறது. மே மாதத்து சஞ்சா திருவிழா அவர்களுக்காகத்தான்.

கன்னொன் தமிழருக்கு அந்நியரும் அல்லர். அவலோகிதேசுவரர் சீனத்தின் வழியாக ஜப்பானுக்குச் சென்று பெற்ற பெயரே அது. பதினோராம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம், அகத்தியர் தமிழைக் கற்றது அவலோகிதரிடம் என்று சொல்கிறது. நம் இலக்கண நூல் ஒன்று தமிழாசிரியராகப் போற்றும் போதிசத்துவரின் வாசலில்தான் இன்று அரிசி வறுவலும் விசிறியும் விற்கிறார்கள்.

அந்த வாசல் கடைத்தெருவின் பெயர் நகமிசே. இடி வாயில் எனப் பொருள்படும் கமினாரிமொன்னிலிருந்து உள்வாயில் வரை சுமார் 250 மீட்டர் நீளத்தில், இருபுறமும் 89 கடைகள் இருக்கின்றன. கடைகள் அங்கே வந்த வரலாறு கவனிக்கத்தக்கது. 1685 வாக்கில், கோயில் வளாகத்தைப் பெருக்கித் துப்புரவு செய்யும் கடமையை அக்கம்பக்கத்து மக்கள் ஏற்றிருந்தனர். அதற்குக் கைம்மாறாகக் கோயில் பாதையோரம் கடை வைக்கும் உரிமை அவர்களுக்கு வழங்கப்பட்டது. துடைப்பம் பிடித்த கைகளுக்குக் கிடைத்த உரிமை அது. கோயிலுக்குள் வணிகம் ஊடுருவியதாகச் சொல்பவர்கள் இந்தத் தொடக்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

எடோ காலத்தில் சாதாரண மக்கள் நெடுந்தூரம் பயணம் செய்ய அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. யாத்திரை என்றால் அது எளிதாகக் கிடைத்தது. நகருக்குள்ளும் கோயிலுக்குப் போதல் என்பது கேள்விக்கு உட்படாத காரணம். ஆகவே இன்பப் பொழுதுபோக்கு முழுவதும் வழிபாட்டின் நிழலில் திரண்டது. சென்சோஜியின் மூலக்கோயிலுக்குப் பின்புறம் இருந்த ஒகுயாமா பகுதியில் தேநீர்க் கொட்டகைகளும் பம்பர வித்தைக்காரர்களும் கழைக்கூத்தாடிகளும் நிறைந்திருந்தார்கள். 1840களில் எடோவின் கபுக்கி நாடக அரங்குகளும் அரசு ஆணையால் அசகுசாவின் அருகே இடம்பெயர்க்கப்பட்டன. கும்பிட வந்தவர்கள் கூத்துப் பார்த்தார்கள். கூத்துப் பார்க்க வந்தவர்கள் கும்பிட்டும் போனார்கள்.

இதற்கென்றே ஜப்பானிய மொழியில் 'என்னிச்சி' என்னும் சொல் உண்டு. தெய்வத்தோடு தொடர்பு உண்டாகும் நாள் என்பது அதன் பொருள். பேச்சு வழக்கில் அது கோயில் வாசலில் தற்காலிகக் கடைகள் முளைக்கும் திருவிழா நாளைக் குறிக்கிறது. சென்சோஜியில் ஜூலை 10ஆம் நாள் வழிபட்டால் 46,000 நாள் வழிபட்ட பலன் என்பது நம்பிக்கை. அதையொட்டி 9, 10 ஆகிய இரு நாள்களில் தக்காளிக்கு உறவான ஹொசுகி என்னும் செடியைத் தொட்டியோடு விற்கும் சந்தை கூடுகிறது. டிசம்பர் 17 முதல் 19 வரை அலங்கார மட்டைகளின் சந்தை. பலனும் பண்டமும் ஒரே நாளில், ஒரே கூட்டத்துக்கு.

இப்போது மூசி ஆற்றங்கரைக்கு வரலாம். சார்மினாரைத் தனித்து நிற்கும் நினைவுச் சின்னமாகவே ஒளிப்படங்கள் காட்டுகின்றன. கட்டியவர்களின் நோக்கம் அப்படி இல்லை. அது நான்கு சாலைகள் சந்திக்கும் இடம்; நான்கு வளைவுகளும் நான்கு சாலைகளின் வாயில்கள். மேல்தளத்தின் மேற்குப் பக்கத்தில் தொழுகைக்கான பள்ளிவாசல் உண்டு. ஈரானின் அஸ்தராபாத்திலிருந்து வந்து கோல்கொண்டா அரசில் உயர்பதவி வகித்த மீர் மூமின் நகர் அமைப்பை வகுத்தவராகக் கருதப்படுகிறார். அவ்வமைப்பில் கடைவீதி நகரின் ஓரத்தில் ஒதுக்கப்படவில்லை; வழிபாட்டிடத்தின் அடியிலிருந்தே புறப்பட்டது. வடக்கே சார் கமான் எனப்படும் நான்கு வளைவுகள், அவற்றின் நடுவே குல்சார் ஹவுஸ் நீர்த்தொட்டி; தெற்கே மக்கா மசூதி. இம்மசூதியின் பணி 1617 வாக்கில் முகம்மது குதுப் ஷா காலத்தில் தொடங்கி, கோல்கொண்டா வீழ்ந்த பின் ஔரங்கசீப்பின் ஆட்சியில் 1694இல் நிறைவுற்றது. அரசுகள் மாறின, வாயிலும் கடையும் மாறவில்லை.

சார்மினாரிலிருந்து மேற்கே செல்லும் சாலைதான் லாட் பஜார். சூடி பஜார் என்றும் அழைப்பர். 'சூடி' என்றால் வளையல். திருப்பாவையின் அணிகலப் பட்டியலில் வரும் 'சூடகம்' இதற்கு உறவுச்சொல். 'லாட்' என்பதற்கு இரு விளக்கங்கள் வழங்குகின்றன. அரக்கைக் குறிக்கும் 'லாக்' என்பதன் திரிபு என்பது ஒன்று. செல்லம், கொஞ்சல் என்னும் பொருளுடைய சொல் என்பது மற்றொன்று. மொழியியல் எந்த முடிவுக்கு வந்தாலும், அத்தெருவில் விற்கும் பண்டத்துக்கு இரண்டும் பொருந்துகின்றன.

பாரதக் கதையின் அரக்கு மாளிகை வழியாக நாம் அறிந்த அதே அரக்குதான் அந்த வளையல்களின் மூலப்பொருள். மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின் அது. கரி அடுப்பின் வெப்பத்தில் இளக்கி, பிசைந்து, உருட்டி, வளையமாக வளைத்து, ஆறும் முன்பே கண்ணாடிக் கற்களையும் மணிகளையும் ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டும். கை சற்றுத் தாமதித்தால் அரக்கு இறுகிவிடும். அவசரப்பட்டால் கல் சாய்ந்துவிடும். பழைய நகரத்தின் சந்துகளில் உள்ள வீடுகளில் இந்த வேலையைச் செய்பவர்களில் பெண்கள் பலர். 2024இல் ஹைதராபாத் அரக்கு வளையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீடு வளையலின் ஊரைக் காக்கிறது. அது விற்கும் தெருவையோ, அனலின் முன் அமர்ந்திருக்கும் கைகளின் கூலியையோ காப்பது அதன் வேலை அன்று.

ஒரு குடும்பம் அங்கே செலவிடும் நாளுக்கு ஏறத்தாழ நிலையான ஓர் ஒழுங்கு உண்டு. பிள்ளைகள் சார்மினாரின் சுழல்படியில் ஏறி மேலிருந்து நான்கு சாலைகளையும் பார்ப்பார்கள். மக்கா மசூதியின் முற்றத்தில் புறாக்கள் எழுந்து பறக்கும். லாட் பஜாரில் அம்மாவும் பாட்டியும் பேரம் பேசும்போது அப்பா பைகளோடு வெளியே நிற்பார். பின்னர் இரானி தேநீரும் உஸ்மானியா பிஸ்கட்டும். பேருந்தில் திரும்பும் குழந்தையின் கையில் புதிய வளையல் ஒலிக்கும். அசகுசாவில் வளையலுக்குப் பதில் பொம்மை வடிவ இனிப்பு அப்பம். தேநீர் மட்டும் அங்கும் உண்டு.

ரமலான் மாதத்தில் இத்தெருக்கள் விடியும் வரை உறங்குவதில்லை. நோன்பு திறந்து இரவுத் தொழுகை முடிந்த பின் கூட்டம் பெருகுகிறது. நள்ளிரவு கடந்தும் பெண்கள் பிள்ளைகளோடு கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். மதுரையின் பகல் சந்தையை நாளங்காடி என்றும் இரவுச் சந்தையை அல்லங்காடி என்றும் மதுரைக்காஞ்சி பிரித்துப் பேசுகிறது. தெலுங்கில் கடைக்கு இன்றும் 'அங்கடி' என்பதே சொல். அல்லங்காடி என்னும் சொல் தமிழில் வழக்கொழிந்து போனது. அச்சொல் குறித்த வாழ்க்கையைப் பார்க்க விரும்புபவர் ரமலான் இரவில் சார்மினாருக்குப் போகலாம்.

இங்கேதான் வழிபாட்டிடத்துச் சந்தையின் ஆழமான பயன் தெரிகிறது. 'ஊர் சுற்றப் போகிறேன்' என்று ஒரு பெண் சொல்ல முடியாத காலமும் குடும்பமும் எல்லா நாடுகளிலும் இருந்திருக்கின்றன. 'கோயிலுக்குப் போகிறேன்', 'பெருநாளுக்கு வளையல் வாங்கப் போகிறேன்' என்பவற்றுக்கு யாரும் தடை சொல்வதில்லை. நள்ளிரவில் ஓர் இந்திய நகரத் தெருவில் பெண்கள் கூட்டமாக, அச்சமின்றி, அவசரமின்றி நடக்கும் இடங்கள் மிகச் சில. தொழுகை அந்தக் கூட்டத்துக்கு நியாயம் தருகிறது. விளக்கெரியும் கடைகள் காவல் தருகின்றன. இரண்டில் ஒன்றை அகற்றினால் மற்றொன்று மட்டும் அந்த இரவைக் காப்பாற்றாது.

இவ்விரு நகரங்களையும் பேரழிவும் அடுத்தடுத்துத் தாக்கியது. 1908 செப்டம்பர் இறுதியில் மூசி ஆறு பெருக்கெடுத்து ஆயிரக்கணக்கானோரை விழுங்கியது. 1912இல் நகர மேம்பாட்டு வாரியம் அமைந்தது. அது சார்மினாருக்கு வடக்கே பத்தர்கட்டியில் கருங்கல் வளைவுகளோடு கூடிய கடைவரிசையை எழுப்பியது. இன்று முத்து வணிகம் நடப்பது அந்த வளைவுகளின் அடியில்தான். 1923 செப்டம்பர் 1இல் காந்தோ நிலநடுக்கம் டோக்கியோவைச் சிதைத்தது. சென்சோஜியின் மூலக்கோயில் தப்பியது. நகமிசேயின் செங்கல் கடைகள் அழிந்தன. 1925இல் அவை கான்கிரீட்டில் மீண்டும் எழுந்தன. 1945 மார்ச் 10 விமானக் குண்டுவீச்சில் மூலக்கோயிலே எரிந்தது. 1958இல் புதிதாகக் கட்டி முடித்தார்கள். இரு ஊர்களிலும் புனரமைப்பைத் திட்டமிட்டவர்கள் கடைகளையும் ஊரின் உறுப்பாகவே எண்ணினார்கள்.

வெள்ளமும் நெருப்பும் செய்யாததைத் திட்டங்கள் செய்வதுண்டு. 1873இல் மெய்ஜி அரசு சென்சோஜியின் நிலத்தைக் கையகப்படுத்திப் பொதுப் பூங்காவாக அறிவித்தது. 1885 மே மாதம் டோக்கியோ நிர்வாகம் நகமிசேக் கடைக்காரர் அனைவரையும் வெளியேற்றியது. மேலைநாட்டுப் பாணியில் நகரம் தோன்ற வேண்டும் என்ற விருப்பம் ஓங்கியிருந்த காலம் அது. அதே ஆண்டு டிசம்பரில் செங்கற்கடைகள் எழுந்தன. தெருவும் பெயரும் மீண்டன. ஏழு மாதம் பிழைப்பின்றி இருந்தவர்களில் எத்தனை குடும்பங்கள் புதிய கடைக்கு வாடகை கட்டும் நிலையில் திரும்பின என்பதை அழகிய செங்கற்சுவர் சொல்லாது. 2017இல் அக்கட்டடங்களின் உரிமை டோக்கியோ அரசிடமிருந்து கோயிலுக்கு மாறியது. வாடகை பல மடங்கு உயரும் என்ற செய்தி அப்போது ஜப்பான் முழுவதும் விவாதமானது. துடைப்பத்தைக் கைம்மாறாகக் கொடுத்து வாங்கிய உரிமை, 332 ஆண்டுகளுக்குப் பிறகு சதுர அடிக் கணக்கில் வந்து நின்றது.

சார்மினாரைச் சுற்றி நடைபாதைத் திட்டம் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. வாகனப் புகையும் அதிர்வும் நான்கு நூற்றாண்டுக் கட்டடத்துக்குக் கேடு என்பதில் ஐயமில்லை; வாகனங்களை விலக்கியது நல்லதே. ஆனால் வாகனமும் தள்ளுவண்டியும் ஒரே வகை இடையூறு என்று கருதும் மனப்பாங்கு அதனோடு சேர்ந்தே வந்தது. கல் பாவிய வெற்றுச் சதுக்கத்தின் நடுவே நினைவுச் சின்னம் நிற்க வேண்டும் என்பது ஒளிப்படத்தின் விருப்பம். நான்கு சாலைகளின் சந்தியாகக் கட்டப்பட்ட ஒன்றுக்கு அந்த விருப்பம் பொருந்துமா என்பதே கேள்வி.

தமிழ்நாட்டிலும் இக்கேள்வி எழுந்தது. 2018 பிப்ரவரி 2 இரவு மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் நெருப்புப் பற்றியது. அதன்பின் கோயில் வளாகக் கடைகளை அகற்றும் பேச்சு வலுத்தது. கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் தூண்சிற்பங்களுக்கிடையே தையல்காரர்களும் பாத்திர, புத்தக வணிகர்களும் தலைமுறைகளாக இருந்தார்கள். அவர்கள் குன்னத்தூர் சத்திரக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டார்கள். சிற்பங்கள் காக்கப்பட வேண்டியவை. நெருப்பு அச்சம் உண்மையானது. அதே சமயம், திருவிழாவுக்கு வந்த குடும்பம் அழகர் வேடத்துக்கு உடை தைக்கக் கொடுத்துவிட்டுத் தரிசனத்துக்குப் போய் வந்த வழக்கமும் ஒரு மரபுதான். கல்லைக் காக்கச் சட்டமும் துறையும் உண்டு. வழக்கத்தைக் காக்க என்ன உண்டு?

ஓரளவு உண்டு. 2014இல் நாடாளுமன்றம் இயற்றிய தெரு வியாபாரிகள் சட்டம், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடைபெறும் இயல்பான சந்தைகளை மரபுச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும் என்றும், அங்குள்ள தெரு வியாபாரிகளை இடம்பெயர்க்கக் கூடாது என்றும் கூறுகிறது. நகர விற்பனைக் குழுக்களில் தெரு வியாபாரிகளின் பிரதிநிதிகள் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாமலும், அப்பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது. நானூறு ஆண்டுகளாக வாயிலில் சந்தை கூடும் ஒரு நகரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சட்டப் பிரிவு கிடைப்பது அரிது. எந்த வண்டி எங்கே நிற்கலாம் என்று முடிவெடுக்கும் மேசையில் வண்டிக்காரருக்கும் இடம் இருக்கிறதா என்பதை வைத்தே இனி எந்த மரபுத் திட்டத்தையும் மதிப்பிட வேண்டும்.

பாதுகாப்பு வேண்டும், துப்புரவு வேண்டும், தீத்தடுப்பு வேண்டும். 1685இல் அசகுசாவில் இவற்றுக்கு ஒரு விடை கண்டார்கள்: இடத்தைத் தூய்மையாக வைத்திருப்பவரே அங்கே விற்கும் உரிமை உடையவர். கடைக்காரரை வெளியே அனுப்புவதற்கு மாறாக, பொறுப்பை அவரிடமே ஒப்படைத்த ஏற்பாடு அது. லாட் பஜாரின் கடைக்காரரிடமும், மக்கா மசூதி வாசலின் பழவண்டிக்காரரிடமும், குன்னத்தூர் சத்திரத்துக்குப் பெயர்ந்த தையல்காரரிடமும் அத்தகைய உடன்படிக்கை ஒன்றை எந்த நிர்வாகமும் முன்வைத்துப் பார்க்கலாம்.

புழக்கடை என்று சொல்லும்போது அதிலுள்ள 'கடை' வாயில் என்பது இன்று பலருக்கு நினைவில்லை. அந்தப் பொருள் மறைந்தது மொழியின் இயல்பு. யாரும் ஆணையிட்டு அதை நீக்கவில்லை. வாயிலிலிருந்து கடையைப் பிரிப்பது மட்டும் ஆணையால் நடக்கிறது. ஆணையால் நடப்பதைக் கேள்வி கேட்கவும், வேண்டுமானால் திருத்தவும் இன்னும் நேரம் இருக்கிறது.